மூணாவது பின்னை உடைச்சது நான்தான்

2025 ஜூன்ல எங்க ஊர் ரீல்ஸ்ல ஓடுனதுல இருந்து ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்குற கேள்வி ஒண்ணுதான்: "கூமாப்பட்டி தண்ணி நிஜமாவே அவ்ளோ நல்லா இருக்குமா?" நல்லாத்தான் இருக்கும். மலையடிவாரம், பிளவக்கல் அணை, தென்னந்தோப்பு எல்லாம் உண்மை. ஆனா மார்கழி மாசம் விடியக்காலை அஞ்சு மணிக்கு அந்தத் தண்ணியைத் தலையில ஊத்திப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

அதனால எங்க வீட்லயும் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு உண்டு. பிளாஸ்டிக் பக்கெட், அதுல தொங்குற ஒரு கம்பிச் சுருள். உங்க வீட்லயும் இருக்கும்.

போன மார்கழியில அம்மா வெந்நீர் சூடாயிருச்சான்னு பக்கெட்ல விரலை வெச்சாங்க. சுவிட்சை அணைக்கல. ஒரு அலறல். கை தானா பின்னால வந்துருச்சு, அதனால தப்பிச்சாங்க. ஈரத்தரை, வெறுங்கால். அடுத்த நொடி என்ன ஆகியிருக்கும்னு எழுத எனக்கு மனசு வரல.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கரண்டுதானப்பா படிக்கிற? என்னன்னு பாரு."

மூணாம் வருஷம் ட்ரிப்பிள்-ஈ. அரியர் கிடையாது. ராடைக் கையில வெச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்க ஆரம்பிக்கணும்னே தெரியல. கடைசியில வத்திராயிருப்புல இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். ராடைப் பார்க்கவே இல்லை, முதல்ல பிளக்கைப் பார்த்தார். "இதுல மூணாவது பின் எங்கக்கா?"

அம்மா பெருமையாவே சொன்னாங்க: "பாத்ரூம் பக்கத்துல இருக்குற பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதான் தம்பி. இவன் பிளஸ் டூ படிக்கிறப்போவே பிளேயரால உடைச்சு மாட்டிக் குடுத்துட்டான்."

ஆமா. மூணாவது பின்னை உடைச்சது நான்தான்.

நம்ம முதல் வருஷத்துல ஒர்க்ஷாப் லேப் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? மரவேலை, பிளம்பிங், வெல்டிங், ஹவுஸ் வயரிங், மாடிப்படி வயரிங். ரெக்கார்டை யார்கிட்ட வாங்கி எழுதுனீங்க? நானும் அப்படித்தான். எர்த் பின் மத்த ரெண்டையும் விட நீளமா, தடிமனா இருக்கும்னு அழகா படம் வரைஞ்சு கையெழுத்தும் வாங்கியிருக்கேன். ஏன் நீளம்? சொருகும்போது எர்த் முதல்ல சேரணும், பிடுங்கும்போது கடைசியா விடணும். அந்தப் பாதுகாப்பைத்தான் நான் ஒடிச்சு எறிஞ்சிருந்தேன். ராடு நல்லா இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. தண்ணியில்லாம ஒருநாள் ஓடுச்சோ, உப்புத்தண்ணிப் படிவு ஏறுச்சோ, உள்ளே இன்சுலேஷன் போனதும் கசிஞ்ச கரண்டுக்கு எர்த் வழியா போக இடமில்லை. அம்மா உடம்பு வழியா போச்சு.

அந்த அண்ணன் போனப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கணக்குதான். 1000 வாட், 230 வோல்ட்: ராடோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு பின்னுக்கு நடுவுல மல்டிமீட்டர் வெச்சா அந்த அளவு காட்டணும். ஒரு பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவுல எதுவுமே காட்டக்கூடாது. காட்டுச்சுன்னா அந்த ராடு குப்பைக்கு. காட்டலைன்னாலும் நூறு சதவீதம் நம்ப முடியாது, சின்னக் கசிவைப் பிடிக்க மெகர் வேணும். 15 லிட்டர் தண்ணி 25 டிகிரில இருந்து 60 வரைக்கும் ஏற 37 நிமிஷம் கிட்ட ஆகும். அதை முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா விரலை விட்டுப் பார்த்திருக்கவே வேண்டாம். போர்டுல இருக்குற எம்.சி.பி. காப்பாத்தும்னு நினைக்காதீங்க. அது வயரைக் காப்பாத்துற சாமான். ஆளைக் காப்பாத்துறது 30 மில்லியாம்பியர்ல விழுற ஆர்.சி.சி.பி.

இந்த அவமானத்துல நான் என்ன பண்ணேன் தெரியுமா? அடுத்த லீவுல ஓவராப் போனேன். தோப்புல மோட்டாருக்கு இருந்த பழைய கிடுகுக் கொட்டகை சரிஞ்சிருந்துச்சு. "நானே செட்டு போடுறேன்"னு கிளம்பினேன். பத்துக்குப் பத்து, நாலு இரும்புக் கால், மேலே தகரம். ஆட்டோகேட்ல படம் போட்டு ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சேன்.

ஆடி மாசம் அப்பா போன் பண்ணார். "செட்டு பறந்துருச்சுப்பா." நாலு தென்னை தள்ளி பக்கத்துத் தோப்புல கிடந்துச்சாம் தகரம். அன்னைக்கு அங்க யாரும் தேங்காய் பொறுக்கல, அது எங்க நல்ல நேரம்.

அரை மி.மீ. தகரம் சதுர மீட்டருக்கு 4 கிலோ. மொத்தக் கூரையும் 40 கிலோ கூட வராது. காத்து மணிக்கு 100 கி.மீ. வேகத்துல அடிச்சா சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ அழுத்தம். அது அப்படியே கூரையை மேலே தூக்குச்சுன்னா 440 கிலோவுக்கு மேல. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஆளுங்க கணக்குப் போடாமலே சொல்லிட்டாங்க. செட்டு போடுறதுல முக்கியம் கூரையைத் தாங்குறது இல்லை, கீழே பிடிச்சு வெக்கிறது. பக்கத்துத் தோப்பு மாமா ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "மேக்கால காத்து வருமே, மாப்ள, நீ ஏன் அந்தப் பக்கமே வாசலை வெச்ச?"

ரெண்டாவது தடவை அவரோட சேர்ந்து போட்டோம். காலுக்கு ரெண்டடி குழி, கான்கிரீட். ஆணிக்குப் பதிலா ஜே போல்ட். வாசல் கிழக்கே. தகரத்துக்கு மேல கிடுகு, உள்ளே ஸ்டார்ட்டர் வேகாம இருக்க. ஸ்டார்ட்டர் கனெக்ஷனை மட்டும் லைசென்ஸ் இருக்குற வயர்மேன்தான் கொடுத்தார். நான் டார்ச் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வயரா ஏன் எங்க போகுதுன்னு கேட்டேன். அவரும் சொன்னார்.

நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம வீட்டு வேலையில நமக்கு ரெண்டே பழக்கம் இருக்கு. ஒண்ணு, பல்பு மாத்தக்கூட ஆளைக் கூப்பிடுறது. இன்னொண்ணு, வயர் நுனியில தீக்குச்சியைச் சொருகி சாக்கெட்ல மாட்டிட்டு "ஒண்ணும் ஆகாது"ங்கிறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. இங்கிலாந்துல நிறைய பேர் தோட்டத்துச் செட்டைத் தானே கட்டிக்குவாங்க. வேலி ஓரமா இருந்தாலும் உயரம் 2.5 மீட்டருக்குள்ள இருந்தா பொதுவா அனுமதியே வேண்டாம். வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர்ல காத்து அடைச்சா அவங்களே திறந்து விடுவாங்க. ஆனா அதே வீட்டு கேஸ் பாய்லர்ல கை வைக்கணும்னா சட்டப்படி பதிவு பண்ண ஆள்தான் வரணும். எதை நாமளே செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுங்கிற கோடு அங்கே எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்ல அந்தக் கோட்டை வீட்டுக்கு வீடு காட்ட வேண்டியது யாரு? நம்மளைத் தவிர வேற யார் இருக்கா?

"நீயே எல்லாம் பண்ணா எலக்ட்ரீஷியன் பொழப்பு என்னாகும்"னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா அந்த அண்ணனோட வேலை என்னன்னு புரிஞ்சப்புறம்தான் நான் அவர்கிட்ட பேரம் பேசுறதை நிறுத்தினேன்.

நம்ம காலேஜ்ல ஒரு சின்ன விஷயம் பண்ணலாம். மாசத்துல ஒரு சனிக்கிழமை, லேப் டெக்னீஷியன் சார் கூட நிற்க, ஹாஸ்டல்ல இருக்குற ராடு, அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாத்தையும் கொண்டு வந்து சோதிப்போம். சரியாகிறதைச் சரி பண்ணுவோம். ஆகாததை எல்லார் முன்னாலயும் வயரை வெட்டித் தூக்கிப் போடுவோம். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் வாங்க. சிவில்காரங்க கண்டிப்பா வாங்க, என் செட்டு போட்டோ காட்டுறேன்.

அதுக்கு முன்னாடி, இந்தத் தடவை வீட்டுக்குப் போறப்போ பையை வெச்ச கையோட பாத்ரூம் பக்கம் போய், பிளக்கைப் பிடுங்கி எத்தனை பின் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு இருந்தா, உடைச்சது யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம். அன்னைக்கே மாத்திடுங்க.