பழைய யந்திரம் எதற்கு?

“ஏன் காணும், இளைப்பாறின காலத்திலே இந்த இரும்போடு மல்லுக்கட்டுகிறீர்? கேட்கவேண்டிய பாட்டெல்லாம் கைத்தொலைபேசியிலேயே கிடக்குதே!” என்று ஒரு மாலை நண்பர் கேட்டார். கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். ஏட்டுச் சுவடிகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேச வல்லவர். அத்தகையவர் வாயிலிருந்து இக்கேள்வி பிறந்ததுதான் எனக்கு வியப்பு. கை முழுவதும் கிறீஸாக இருந்தமையால் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குரிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

நண்பர் இரும்பு என்றது, கராட் 301 என்னும் சுழல்தட்டை. இங்கிலாந்தின் சுவிண்டன் நகரிலே செய்யப்பட்டது. அந்நிறுவனம் 1915இல் தோன்றியபோது பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவிகளையே செய்தது. அந்த நுண்வேலைப் பழக்கம், 1954இல் வெளிவந்த 301இன் ஒவ்வோர் உறுப்பிலும் தெரிகிறது. பி.பி.சி. முதலிய ஒலிபரப்பு நிலையங்கள் இதனைக் கையாண்டன. காரணம் எளிது. அறிவிப்பாளர் பேச்சை முடித்ததும் பாட்டு எழவேண்டும். இடையிலே வெறுமை கூடாது. ஆகவே தட்டு கீழே சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் விரித்த கம்பளித் துணியின்மீது இசைத்தட்டை விரலால் தடுத்து வைத்திருந்து, வேண்டிய கணத்தில் விட்டுவிடுவார்கள். விரலின் தடையைப் பொருட்படுத்தாது சுழலும் வலு அதற்கு வேண்டும். வீட்டுக்கென்று செய்த இலேசான கருவிகள் பல இதற்குத் தாக்குப்பிடியா.

எனக்கு அது பஞ்சிகாவத்தையிலே, பழைய மோட்டார் உதிரிப்பாகங்களுக்கு நடுவே கிடைத்தது. “இலங்கை வானொலியிலிருந்து வந்தது, ஐயா” என்று விற்றவர் சத்தியம் செய்தார். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிக் கடல் கடந்தும் நேயர்களைத் தேடிக்கொண்ட நிலையம் அது. பழைய ஒலிக்கருவி விற்போர் அதன் பெயரை எளிதில் விட்டுவிடுவார்களா? நான் கதையை நம்பவில்லை. விலையை மட்டும் கொடுத்தேன்.

அதன் உள்ளமைப்பு ஒரு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. மோட்டாரின் தண்டிலே மூன்று படிகளாகக் கடைந்த கப்பி. கனத்த அலுமினியத் தட்டின் உள்விளிம்பு. இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இறப்பர்ச் சில்லு. சில்லு எந்தப் படியைத் தொடுகிறதோ அதற்கேற்ப வேகம் 33⅓, 45, 78 என மாறும். என்னிடம் வந்தபோது, சில்லைக் கப்பியிலிருந்து விலக்கும் நெம்பு இறுகிப்போயிருந்தது. ஆண்டுக்கணக்காகச் சில்லு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததனால் அதில் ஒரு பள்ளம். சுழலுந்தோறும் ‘டொக், டொக்’ என்று யாரோ கதவைத் தட்டுவதுபோலிருக்கும். புதுச் சில்லைத் தபாலில் வருவித்தேன். ஆளியின் குறுக்கே இருந்த கொள்ளளவி வெடிக்கும் நிலையில் இருந்தது, அதையும் மாற்றினேன். மோட்டாருக்கு ஏதும் செய்யவேண்டி இருக்கவில்லை. பிரித்தானியாவின் மின்சாரம் போலவே நமதும் செக்கனுக்கு 50 முறை மாறுவது. கப்பியை மாற்றும் தொல்லையும் இல்லை.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 301இல் இருவகை உண்டு. முந்தியவற்றின் அச்சுத்தண்டு கிறீஸில் சுழல்வது. பிந்தியவற்றினது எண்ணெயில் சுழல்வது. என்னுடையது முந்திய வகை. கிறீஸ் காய்ந்து மெழுகாயிருந்ததைக் கண்டு, விஞ்ஞான ஆசிரியன் என்ற இறுமாப்பிலே, மெல்லிய எண்ணெயை ஊற்றினேன். கிறீஸுக்கென விட்ட இடைவெளியில் எண்ணெய் நிற்குமா? மறுநாட் காலை மேசைமேல் எண்ணெய்க் குளம். நாற்பது ஆண்டு பௌதிகம் படிப்பித்தவனுக்கு இது கிடைத்தது நன்றே.

இத்துறையில் ஈடுபட்டோருள் ஒரு சாராரோடு எனக்கு ஒத்துவருவதில்லை. யந்திரம் கைக்கு வந்ததும் வர்ணத்தைச் சுரண்டி, புதுமோட்டார் வண்டிபோற் பூசி, விலையுயர்ந்த மரப்பெட்டியில் அமர்த்தி, வந்தோர்க்கு அதன் பளபளப்பைக் காட்டுவர். ஊசி வைப்பது ஆண்டுக்கு இரண்டு முறை. என் 301இல், வேகங்காட்டும் பிடியின் அருகே வர்ணம் தேய்ந்து உலோகம் தெரிகிறது. அது யாரோ ஒருவரின் வலக்கைப் பெருவிரல் நாடோறும் பட்ட இடம். அதனைப் பூசி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகப் பழைய வர்ணத்தைப் பார்த்து உருகுபவனும் அல்லேன். பழைய கருவியிற் கேட்டால் இசை இனிக்கும் என்பார் கூற்றையும் நான் எடுத்துரைக்கப் போவதில்லை. என் செவிக்கு அந்த வேறுபாடு இப்போது எட்டுவதில்லை.

நண்பர் வாதத்துக்கு வருகிறேன். 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். அச்சுப்புத்தகம் வந்தபின் ஏடு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் ஏடு தேடியவரும், அந்த எழுத்தைப் படிக்க வல்லவரும் இல்லாதிருந்தால் அச்சுப்புத்தகம் எங்கிருந்து வந்திருக்கும்? கைத்தொலைபேசியிற் கேட்கும் பழம்பாட்டும் தானாக அங்கே போய்ச் சேரவில்லை. யாரோ ஒருவர் தட்டை எறியாமல் வைத்திருந்தார். யாரோ ஒருவரிடம் 78 வேகத்திற் சுழலும் யந்திரம் இருந்தது. இன்று விற்கப்படும் புதிய சுழல்தட்டுகள் பலவற்றில் அந்த வேகமே இல்லை. ஊசியும் வேறு. நெடுநேரத் தட்டின் ஊசிமுனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு ஆரை உடையது. 78க்கு அதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு வேண்டும். இது தெரியாமல் வைத்தால் ஊசி தவாளிப்பின் அடியிலே தூசியை உழுதுகொண்டு போகும்.

என்னிடம் ஒரு தட்டு இருக்கிறது. 1995இல் வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதிகளோடு தகரப்பெட்டியில் வந்தது. கடையில் விற்ற 78 தட்டுகள் அரக்கில் அச்சடிக்கப்பட்டவை. ஒன்று உடைந்தால் எங்கேனும் இன்னொன்று இருக்கக்கூடும். இது அவ்வாறன்று. அலுமினியத் தகட்டின்மேற் பூசிய செலுலோசு நைத்திரேற்றுப் படையில், பாடும்போதே நேரடியாக வெட்டியது. உலகத்தில் ஒரே படி. உறையில் என் தாயாரின் பெயர், மணமாகுமுன் இருந்த முதலெழுத்துடன், பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அவர் பாடியதை நான் கேட்டதே இல்லை. நான் பிறக்குமுன் பாட்டை விட்டுவிட்டார். ஏனென்று சொன்னதும் இல்லை.

இவ்வகைத் தட்டில் மென்மைக்காகச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் காலப்போக்கிற் கசியும். படை சுருங்கி, வெடித்து, உரியும். ஒவ்வொரு முறை ஊசி படும்போதும் சிறிது தேயும். பலமுறை போட்டுப் பார்க்க இடமில்லை. என் தட்டின் ஓரத்தில் நகத்தளவு படை ஏற்கெனவே போய்விட்டது. யந்திரம் முழுதும் சரியாகும்வரை இரண்டு ஆண்டு நான் அதைத் தொடாதிருந்ததன் காரணம் இதுவே.

சென்ற தைமாதம், தாயாரின் தங்கை, எண்பத்தைந்து வயதான சின்னம்மா, வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். தாயார் பாடும்போது வைத்துக்கொண்ட சுருதிப்பெட்டி அவரிடம்தான் இருந்தது, அதையும் கொண்டுவந்தார். தட்டின்மேல் 77 கோடுகள் வரைந்த கடதாசி வட்டத்தை வைத்து, நியோன் விளக்கொளியில் கோடுகள் அசையாது நிற்கும்வரை வேகத்தைச் சரிசெய்தேன். 78க்கு அதுவே அளவு. பிறகு ஊசியை வைத்தேன். நண்பரின் மகன் கணினியிற் பதிவு செய்தான். கணினியோடு எனக்குப் பகையில்லை என்பதை நண்பர் கவனிப்பாராக.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல். நடுவிலே வெடிப்பு விழுந்த இடத்தில் நான்கைந்து சுற்றுக்கள் இழந்தோம். முடிந்ததும் சின்னம்மா சொன்னார்: “அக்கான்ர குரல் மாதிரித்தான் கிடக்கு, தம்பி. ஆனா அக்கா இல்லை.”

பாட்டின் பின்னே சுருதிப்பெட்டி ஒலித்ததைக் கேட்டிருந்தேன். எங்களிடமிருந்த பெட்டியை ஊதிப் பார்த்தோம். தட்டிலிருப்பது சற்று உயர்ந்து நின்றது. வெட்டிய யந்திரம் அன்று மெதுவாகச் சுழன்றிருக்க வேண்டும். 301இல் வேகத்தைச் சிறிதளவு கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி உண்டு. அது, மோட்டார்த் தண்டிலுள்ள அலுமினிய வட்டுக்கு ஒரு காந்தத்தை நெருக்கும். தொடாமலே, வட்டில் எழும் சுழிப்போட்டம் அதனைத் தடுக்கும். இரண்டாம் முறை ஊசியை வைத்தேன். சின்னம்மா பெட்டியை ஊத, இரு சுருதியும் ஒன்றாகும்வரை பிடியை மெல்லத் திருப்பினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தின்பின், பெட்டியை ஊதாத மற்றக் கை முழங்காலில் தாளம் போடத் தொடங்கிற்று. தட்டின் விளிம்பிலே கோடுகள் நிற்காமல், பின்னோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.