சராசரி குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியுமா?



நம் பழைய மாணவர் குழுவில் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குள் இரண்டு நாளாக ஒரே வாக்குவாதம். குவாட்டர்பேக் சுமாரான ஆளாக இருந்தால் ஒரு ஃபுட்பால் அணி கோப்பை வாங்க முடியுமா, முடியாதா? "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். மேரிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துப் பழகிய ஆட்டம் இது. அவர் பால்டிமோர் ரேவன்ஸ் ரசிகர். அதனால் என் உதாரணங்களும் பெரும்பாலும் அந்த ஊர் அணியைப் பற்றியவைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். ஆனால் அவர் சராசரி என்பதை அணி மனதார ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப ஆட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஜெயித்த பிறகும் அதை மறக்கக் கூடாது. பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஆட்டம் தெரியாத உறவுகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். தூரத்தில் ஓடுகிறவருக்கு எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஓடவிடுவதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். தப்பாக எறிந்தால் எதிரணி பறித்துக்கொள்ளும். தற்காப்புக்கு வேறு 11 பேர் இருக்கிறார்கள். குவாட்டர்பேக் அப்போது வெளியே உட்கார்ந்திருப்பார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, "சராசரி" என்ற சொல். என்.எஃப்.எல். போட்டியில் 32 அணிகள். ஆக, ஒரு வாரத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் குவாட்டர்பேக்குகள் 32 பேர். அதில் சராசரி என்றால், அந்த வேலையில் உலகத்திலேயே பதினாறாவது, பதினேழாவது இடத்தில் இருப்பவர் என்று அர்த்தம். "உதவாதவன்" என்று அர்த்தமில்லை. மதிப்பெண் பட்டியலின் நடுவில் இருந்த நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்தப் பருவத்தின் நடுவில் ரேவன்ஸ் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அப்படியும் அதில் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தார்கள்! பந்தை உதைத்து எடுக்கும் மூன்று மூன்று புள்ளிகளும், எதிரணியை அசையவிடாத தற்காப்பும்தான் காரணம். அந்த இடைவெளியில்தான் டோனி பேங்க்ஸை உட்காரவைத்துவிட்டு டிரெண்ட் டில்ஃபரை இறக்கினார்கள். டில்ஃபரை 1994இல் டாம்பா பே அணி பெரிய நம்பிக்கையோடு ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பிறகு நம்பிக்கை தீர்ந்து விட்டுவிட்டது.

டில்ஃபர் வந்ததும் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அவர் எறிந்து எடுத்த டச்டவுன் 12, எதிரணியிடம் பறிகொடுத்தது 11. சராசரிக்கும் ஒரு படி கீழே என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் தொடங்கிய முதல் ஆட்டத்தில் தோற்ற அணி, அதன் பிறகு தோற்கவே இல்லை. வரிசையாக 11 வெற்றி. கடைசி வெற்றி 2001 ஜனவரி 28 அன்று, சூப்பர் பவுலில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக 34-7. அந்த ஆட்டம் நடந்தது எந்த ஊரில் தெரியுமா? அவரைக் கைவிட்ட அதே டாம்பாவில்.

எப்படி ஜெயித்தார்கள்? அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களில் ரேவன்ஸ் எதிரணிகளுக்குக் கொடுத்த மொத்தப் புள்ளிகள் 165. ஓர் ஆட்டத்துக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேல். 16 ஆட்டப் பருவத்தில் அதைவிடக் குறைவாக யாரும் கொடுத்ததில்லை. ரே லூயிஸ் தலைமையிலான தற்காப்பு அப்படி. பந்தை வாங்கி ஓட ஜமால் லூயிஸ் என்ற புது இளைஞர், முதல் பருவத்திலேயே 1,364 கெஜம் ஓடினார். இப்படி ஓர் அணியில் குவாட்டர்பேக்குக்கு வைத்த கேள்வித்தாள் சின்னது: பந்தைப் பறிகொடுக்காதே, ஓடுகிறவனிடம் கொடு, வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் தூர எறி. சூப்பர் பவுலில் டில்ஃபர் எறிந்த 25 பந்தில் 12தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் எதிரணி ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் கெரி காலின்ஸ் நான்கு முறை பறிகொடுத்தார். வித்தியாசம் அங்கேதான்.

இதையே மறுபக்கமாகப் பாருங்கள். மயாமியின் டேன் மரீனோ 1984இல் 5,084 கெஜம் எறிந்து 48 டச்டவுன் எடுத்தவர். அந்தக் காலத்தில் யாரும் எட்டாத உயரம். பதினேழு பருவம் ஆடினார். சூப்பர் பவுலுக்குப் போனது ஒரே முறை, அதுவும் தோல்வி. தனி ஒருவரின் மேதைமை கோப்பைக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அப்படியானால் பிரேடி ஏழு முறை வாங்கியது எப்படி டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாம் பிரேடி ஏழு முறை, பாட்ரிக் மஹோம்ஸ் மூன்று முறை. திரும்பத் திரும்ப ஜெயிக்க உயர்ந்த ஆள் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. தற்காப்பு வீரர்களுக்கு வயதாகும், அடிபடும், வேறு அணிக்குப் போவார்கள். நல்ல குவாட்டர்பேக் அந்தக் குறைகளைப் பத்து வருடம் மூடிமறைப்பார். சராசரி ஆளால் அது முடியாது. அவருக்கு எல்லாம் ஒரே ஆண்டில் கூடிவர வேண்டும். நம் கேள்வி ஒரு முறை ஜெயிப்பதைப் பற்றியது என்றால், முடியும் என்பதே என் பதில்.

ஜெயித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கோப்பை வாங்கிய சில வாரங்களிலேயே ரேவன்ஸ் டில்ஃபரை அனுப்பிவிட்டது. இவரை வைத்தே ஜெயித்தோம், இன்னும் நல்லவரை வைத்தால் எவ்வளவு ஜெயிக்கலாம் என்பது கணக்கு. முந்தைய பருவத்தில் 4,000 கெஜத்துக்கு மேல் எறிந்திருந்த எல்விஸ் கெர்பாக்கைக் கொண்டுவந்தார்கள். அவர் எடுத்த டச்டவுனைவிடப் பறிகொடுத்தது அதிகம். 12 வெற்றி 10 ஆனது. இரண்டாவது சுற்றில் பிட்ஸ்பர்க்கிடம் 27-10 தோல்வி. அந்த ஆண்டு ஜமால் லூயிஸ் முழங்காலில் அடிபட்டு ஆடவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழியை முழுக்க கெர்பாக் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும், தன் எல்லை தெரிந்து ஆடியவரைக் கழித்துவிட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

அதே அணி 12 வருடம் கழித்து நேர் எதிரான தவறைச் செய்தது. ஜோ ஃபிளாக்கோ. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அதுவரை ஒரு முறைகூட புரோ பவுல் என்னும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகாதவர். 2012 பருவத்தின் நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கில் 11 டச்டவுன் எறிந்தார், ஒன்றைக்கூடப் பறிகொடுக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவை 34-31 என்று வென்று கோப்பை. உடனே ஆறு வருடத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். அந்த லீக்கில் அன்றைக்கு அதுதான் மிகப் பெரியது.

அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1994இல் வந்த விதி. ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். நம்பிக்கையான கைகளுக்குச் சொந்தக்காரரான ஆன்குவான் போல்டினை, தோற்கடித்த சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே அனுப்பிவிட்டார்கள். எட் ரீடும் போனார். ரே லூயிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த பருவம் 8 வெற்றி, 8 தோல்வி. ஃபிளாக்கோ 22 முறை பறிகொடுத்தார். அவர் திடீரென்று கெட்டுப்போகவில்லை. சுற்றி இருந்தவர்கள் போனதும் கேள்வித்தாள் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒருவரை, உன்னால் என்ன ஆனது என்று தூக்கிப் போட்டார்கள். இன்னொருவரை, எல்லாம் உன்னால்தான் என்று தூக்கி வைத்தார்கள். இரண்டு முறையும் கணக்கில் விடுபட்டது மற்ற பத்துப் பேரும், தற்காப்பில் நின்ற பதினோரு பேரும்.

உங்களில் பலர் இன்று பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். பொறுப்பில் ஒரு சராசரி ஆள் உட்கார்ந்து, வேலையும் நன்றாக நடந்துகொண்டிருந்தால், அவரை மாற்றுவதற்கு முன்பும், அவருக்கு மட்டும் மாலை போடுவதற்கு முன்பும், அந்த வேலை எதனால் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

2013இல் ரேவன்ஸ் வேறென்ன செய்திருக்கலாம்? ஃபிளாக்கோவை விட்டிருந்தால் யாரை இறக்கியிருப்பார்கள்? அது எனக்கும் சுலபமான கேள்வியாகத் தெரியவில்லை. ஆட்டம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு!

அன்புடன்,
உங்கள் டீச்சர்