தாளிப்பு கடைசியில்தான்!

மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்குக் கிடையாது. பத்திரிகை ஆபீஸில் ராத்திரி வெகு நேரம் வேலை பார்ப்பவளுக்கு அது கட்டுப்படியாகாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் அடி அண்ணாமலையில் உள்ள பெரியம்மா வீட்டில் அந்தச் சாக்கெல்லாம் செல்லாது. நாலரைக்குப் பெரியம்மா பாட ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் தூக்கமாவது, கீக்கமாவது!

திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலை தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில், பெரிய கோவிலுக்கு மலையின் மறு பக்கத்தில் இருக்கிற ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்லுவார்கள். அவருக்கு அங்கே ஒரு சிறு கோவிலும் இருக்கிறது. பெரியம்மாவுக்கு வயது 82. திருவெம்பாவையின் 20 பாட்டும் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய தாயார் பாடிய மெட்டிலேயே பாடுவாள். என் அம்மாவும் அதே மெட்டில்தான் பாடினாள். அம்மா இப்போது இல்லை.

சென்ற மார்கழியில் அண்ணா மகள் ஒரு காரியம் செய்தாள். பொறியியல் கல்லூரியில் படிக்கிற பெண். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். "பாட்டி பாடுவதை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன், அத்தை" என்று லாப்டாப்பையும் ஒரு மைக்கையும் எடுத்து வைத்தாள். பதிவு முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்து எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

பெரியம்மா கேட்டாள். முகம் கோணிற்று. "ஏண்டி, நான் என்ன, கிணற்றுக்குள் இருந்தா பாடினேன்? கூடவே ஒரு பூதம் இரைகிறதே, அது யார்?"

பூதம் வேறு யாருமில்லை, தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறிதான்!

பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லா எஃபெக்டும் சரியாகத்தான் போட்டேன், அத்தை" என்றாள். போட்டது என்னவோ சரிதான். போட்ட வரிசைதான் தப்பு.

சகோதரிகளே, இதை நம் சமையலறை வழியாகவே பார்த்துவிடலாம். கீரை மசியல் செய்கிறோம். முதலில் மண் போக அலசுகிறோம், நறுக்குகிறோம், வேக வைக்கிறோம், மசிக்கிறோம், கடைசியில் தாளிக்கிறோம். அலசாமல் மசித்துவிட்டு, "மண் நறநறக்கிறதே, இப்போது அலசலாமா?" என்று கேட்டால் மாமியார் என்ன சொல்லுவாள்? எல்லாச் சாமானும் இருந்தும் சமையல் பாழ்!

ஒலிப்பதிவும் அப்படியேதான். இந்த எஃபெக்டுகளுக்கு ப்ளக்-இன் என்று பெயர். ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் அலமாரி அலமாரியாக நின்ற கருவிகளின் வேலையை, இப்போது கணினிக்குள் சொருகிக்கொள்கிற சிறு மென்பொருள்கள் செய்கின்றன. ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மன் கம்பெனி 1996-இல் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு, ஒருவர் செய்த ப்ளக்-இன்னை இன்னொருவர் செய்த இசை மென்பொருளில் சொருகுவது சகஜமாகிவிட்டது. ஒன்றன் பின் ஒன்றாக அவற்றைச் சங்கிலி போல் கோக்கலாம். முதல் கருவியிலிருந்து வெளியே வருவதுதான் இரண்டாவதன் உள்ளே போகும். வரிசை முக்கியம் என்பது இதனால்தான்.

பெரியம்மாவின் குரலுக்கு வேண்டியவை நான்கு. ஒன்று, இரைச்சலை நீக்குவது. இரண்டு, ஈக்வலைசர், வேண்டாத அடிநாதத்தைக் குறைத்து, குரலுக்குத் தெளிவு கொடுப்பது. மூன்று, கம்ப்ரஸர், உரத்த இடத்தை அடக்கி, அதனால் மெல்லிய இடத்தைத் தூக்கி விட வழி செய்வது. நான்கு, ரிவெர்ப்; கோவில் மண்டபத்தில் பாடினாற்போல் கார்வை கொடுப்பது.

நம் பெண் என்ன செய்தாள்? ஆசையினால் கார்வையை முதலில் வைத்துவிட்டாள்! குரலோடு மின்விசிறிக்கும் மண்டபம் கிடைத்தது. அடுத்து வந்த கம்ப்ரஸர், பாட்டி மூச்சு விடுகிற இடைவெளியிலெல்லாம் அந்த இரைச்சலையும் கார்வையையும் மேலே தூக்கிவிட்டது. இரைச்சல் நீக்கியோ கடைசியில் நின்றது. மசித்த கீரையை அலசுகிற கதை!

அவள் அதே நான்கையும் வரிசை மாற்றினாள். மவுஸால் பிடித்து இழுத்துவிட்டாள், அவ்வளவுதான். முதலில் இரைச்சல் போயிற்று. 100 சைக்கிளுக்குக் கீழே இருந்த மின்சார முனகல் குறைந்தது. பிறகு கம்ப்ரஸர். தாளிப்பு கடைசியில்.

"இப்போது மண்டபத்தையே வேறு வழியில் அனுப்புகிறேன் பாருங்கள், அத்தை" என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. விளங்க வைத்தது நம் வீட்டுப் பருப்புப் பாத்திரம்தான். வேக வைத்த துவரம்பருப்பு ஒன்றுதான். அடியில் உள்ள பருப்பு சாம்பாருக்குப் போகிறது. மேலே தெளிந்த நீர் ரசத்துக்குப் போகிறது. இரண்டும் தனித்தனி அடுப்பில் பக்குவமாகிக் கடைசியில் ஒரே இலைக்கு வருகின்றன. குரலும் இப்படிப் பிரியலாம். ஒரு கிளை நேரே காதுக்கு வரும். அதன் நகல் மட்டும் கார்வைக்குப் போய்த் திரும்பி, வேண்டிய அளவு வந்து கலக்கும். கார்வை அதிகமா? அந்தக் கிளையை மட்டும் குறைத்தால் போதும், குரல் தொடப்படுவதில்லை. இப்படிப் பல குரல்கள் போய்ச் சேருகிற பொதுப் பாதைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பஸ்'. கிரிவலப் பாதையில் பௌர்ணமி அன்று நெரிகிற பஸ் அல்ல!

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்ததும் அல்ல. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் இசைக்கு எதிரொலி வேண்டுமென்று ஸ்டூடியோவின் குளியலறையையே உபயோகித்தார். அறையில் ஒரு ஒலிபெருக்கி, ஒரு மைக். நகலை உள்ளே அனுப்பி, எதிரொலியோடு திரும்ப வாங்கிக் கலந்தார். அந்தப் பாட்டு பிரமாதமாக விற்றது. பிறகு 1957-இல் ஜெர்மனியில் இ.எம்.டி. 140 என்ற கருவி வந்தது. பெரிய இரும்புத் தகட்டை அதிர வைத்துக் கார்வை உண்டாக்குவது. எடை கால் டன்னுக்கு மேல்! நம் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் தம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தபோது, வீட்டோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் என்பதே அதிசயமாக இருந்தது. இன்று குளியலறை, இரும்புத் தகடு, மண்டபம் எல்லாம் அடி அண்ணாமலைத் திண்ணையில் ஒரு லாப்டாப்புக்குள் அடக்கம். அவள் உபயோகித்த ரீப்பர் என்ற மென்பொருளில், 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல், ஒரு சங்கிலியையே பெட்டிக்குள் போட்டு இன்னொரு சங்கிலியில் ஒரு கண்ணியாகக் கோக்க முடிகிறது.

இவ்வளவையும் கேட்டபோது எனக்கு ஒரு நப்பாசை பிறந்தது. பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்துக் கொடுத்தேன். என் அம்மா பாடிய திருவெம்பாவை. பல வருஷங்களுக்கு முன்னால் வீட்டுக் கேஸட்டில் பதிந்ததை, ஒரு கடையில் கொடுத்து 'நன்றாக்கி' வாங்கினேன். அவர்கள் தாராளமாக எதிரொலி சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு அது ஒசத்தியாகப் பட்டது. பழைய கேஸட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்றைக்கு அதைக் கேட்டால் அம்மாவின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் வருகிறது. அவள் மூச்சு எடுப்பது காதில் விழவே இல்லை.

பெண் ஒரு மணி நேரம் போராடினாள். எதிரொலியைக் குறைக்கும் ப்ளக்-இன்கள் இன்று உண்டு. ஓரளவு குறைந்தது. ஆனால் குரல் தகரமாகிவிட்டது. "இது தனியாக இல்லை, அத்தை. பாட்டோடு ஊறிப் போயிருக்கிறது. சங்கிலியாக இருந்தால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவேன்" என்றாள். குழம்பில் கரைந்த உப்பை யாரால் எடுக்க முடியும்? பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. தங்கையின் குரலைக் கடைசி வரை கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கிலியின் மகிமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அசல் பதிவு ஓரமாக அப்படியே இருக்கும். எஃபெக்டெல்லாம் அதன் மேல் போட்ட போர்வை. நாளைக்கு எடுத்துவிடலாம், மாற்றலாம், புரட்டிப் போடலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில்கூட 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து இப்படிச் செய்யலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். ஒரு தாலாட்டு, ஒரு நலங்குப் பாட்டு அவளிடம் இருக்கும். இந்த வாரமே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை வாய்க்கு இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். பாட்டு தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா ஓட விடுங்கள். அறையின் இரைச்சல் எப்படிப்பட்டது என்று மென்பொருள் தெரிந்துகொண்டு நீக்குவதற்கு அது உதவும். அசலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அலங்காரமெல்லாம் நகலில் செய்யுங்கள்.

புறப்படும்போது அண்ணா மகள் எனக்கு இரண்டு ஃபைல் கொடுத்தாள். ஒன்றில் பெரியம்மா மண்டபத்தில் பாடுகிறாள். பெரியம்மாவே ஒப்புக்கொண்ட பதிவு. மற்றது அசல். அதில் மின்விசிறி இரைகிறது, தெருவில் யாரோ "அரோகரா" என்கிறார்கள், பெரியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆச்சாடி? பாடட்டுமா?" என்று கேட்கிறாள்.

நான் அடிக்கடி போட்டுக் கேட்பது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?