கிதார் சொன்ன ஆறுதல்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது, மழைக்காலத்தில் துவரம்பருப்பில் வண்டு விழாமல் எப்படிக் காப்பது என்றுதான் உங்களோடு பேசுவேன். இந்தத் தடவை ஒரு கச்சேரியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "கச்சேரிக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2023-ம் வருஷம் செப்டம்பர் ஆரம்பத்தில், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கும் என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டது. மாப்பிள்ளை போன் செய்து, "அத்தை, நீங்க கிளம்பி வர முடியுமா?" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாலாவது நாள் நான் அங்கே இருந்தேன்.

போனதும் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் செய்தேன். பூண்டு ரசம் வைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டேன். "போனது போகட்டும் கண்ணு, அடுத்தது நல்லபடியாப் பிறக்கும். உனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு வேதனை, மார்பில் பால் கட்டிக்கொண்டது. நாலு மாதம் தாண்டிக் கலைந்தால் அப்படி ஆவதுண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஊரென்றால் பாட்டிமார் கைமுறையாக மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிடுவோம். அந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? குளிர்ந்த துணியை மடித்து மடித்து வைத்தேன். அப்போதும் அவள் அழவில்லை. மூன்று வாரம் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள். எனக்கு அடி வயிறு கலங்கியது.

எதிர் வீட்டில் மெக்ஸிகோ நாட்டு அம்மாள் ஒருத்தர். எனக்கு அரைகுறை இங்கிலீஷ், அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனாலேயோ என்னவோ நன்றாகப் பேசிக்கொண்டோம்! விஷயம் கேள்விப்பட்ட அன்றே, கோழியும் காய்கறியும் பெரிய பெரிய துண்டாகப் போட்ட சூப்பை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டு வந்து கொடுத்தார். அவருடைய பெண் அந்த ஊர்ப் பல்கலைக் கழகத்தில் சங்கீதம் படிக்கிறாள், அங்கே மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய வாத்திய கோஷ்டியிலும் வாசிக்கிறாள். "என் பெண் வாசிக்கிறா, நீங்க மூணு பேரும் அவசியம் வரணும்" என்று டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஸ்பானிய மொழி பேசும் மக்களின் பாரம்பரியத்தைக் கொண்டாடுகிறார்கள். 1968-ல் ஒரு வாரமாக ஆரம்பித்தது. 1988-ல் சட்டம் செய்து ஒரு மாதமாக நீட்டினார்கள். 1821-ல் மத்திய அமெரிக்காவின் ஐந்து நாடுகள் விடுதலை பெற்ற நாள் செப்டம்பர் 15. மறுநாள் மெக்ஸிகோவின் விடுதலைத் திருநாள். அதனால்தான் மாத நடுவில் தொடங்குகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்காக ஏற்பாடு செய்த கச்சேரி இது. வெளியூரிலிருந்து ஒரு பாடகியும் ஒரு கிதார் வித்துவானும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள்.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்றாள் மகள். "எதிர் வீட்டம்மா மனசு கஷ்டப்படும்டா, ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்துடலாம்" என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

முதலில் வாசித்தது 'வாபாங்கோ' என்ற உருப்படி. ஹோசே பாப்லோ மொன்காயோ என்ற மெக்ஸிகோக்காரர், வேராக்ரூஸ் என்ற கடலோரப் பகுதியின் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்துக் கோத்து 1941-ல் அமைத்தது. அந்த நாட்டில் இதை இரண்டாவது தேசிய கீதம் என்றே சொல்வார்களாம். நம் ஊர்த் திருவிழா மேளம் மாதிரி காலைத் தாளம் போட வைக்கிறது. எதிர் வீட்டு அம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்துப் பாடகி வந்தார். ஸ்பெயின் நாட்டு மனுவேல் தெ ஃபாயா 1914-ல் முடித்த ஏழு நாட்டுப் பாடல்கள். ஐந்தாவது பாட்டுக்குப் பெயர் 'நானா'. நிகழ்ச்சி நிரலில் அதன் அர்த்தத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலாட்டு! அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிறார். பாஷை புரியாவிட்டால் என்ன, தாலாட்டு எந்த ஊரிலும் தாலாட்டுதானே? மகளைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, இவளை ஏன் கூட்டி வந்தோம்?" என்று மனசு அடித்துக்கொண்டது.

இடைவேளை விட்டதும், "வீட்டுக்குப் போகலாமாடா?" என்றேன். அவள் நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "இரும்மா. இதைக் கேட்டுட்டுப் போகலாம்" என்று ஒரு பக்கத்தை என்னிடம் காட்டினாள். மாப்பிள்ளைதான் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஹோவாகீன் ரோட்ரிகோ என்று ஒரு சங்கீத மேதை. 1901-ல் ஸ்பெயினில் சகுந்தோ என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் வந்து கண் பார்வை போய்விட்டது. பிரெயில் எழுத்தில் தடவித் தடவியே அவ்வளவு சங்கீதமும் எழுதினார். விக்டோரியா காம்ஹி என்பவர் அவருடைய மனைவி. துருக்கியில் பிறந்த பியானோ கலைஞர். 1933-ல் கல்யாணம். கிதாருக்காக ரோட்ரிகோ அமைத்த உருப்படிதான் உலகப் புகழ் பெற்றது. வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது பியானோ, கிதார் அல்ல! 1939-ல் பாரிஸில் இருந்தபோது அதை எழுதினார். முதல் அரங்கேற்றம் 1940 நவம்பர் 9-ம் தேதி, பார்ஸலோனாவில். அரண்மனைத் தோட்டங்கள் உள்ள அரான்ஹுவெஸ் என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்தார்.

அதன் நடுப் பகுதி மெதுவாக நகர்கிற சோகமான இசை. 1937-ல் கெர்னிக்கா என்ற ஊரில் குண்டு போட்டார்களே, அந்தத் துக்கத்தில் எழுதியது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் வாயே திறக்கவில்லை. 1986-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில்தான் விக்டோரியா உண்மையைச் சொன்னார். அவர்களுடைய முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. தேனிலவுக் காலத்து இனிய நினைவும், அந்தக் குழந்தையை இழந்த வேதனையும் கலந்ததுதான் அந்த இசை என்று எழுதினார். நாற்பத்தேழு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள், பாருங்கள்!

இடைவேளை முடிந்து கிதார் வித்துவான் வந்து உட்கார்ந்தார். கிதாரின் சத்தம் சன்னமானது. மற்ற வாத்தியங்கள் அமுக்கிவிடக் கூடாது என்று கோஷ்டியைப் பல இடங்களில் அடக்கியே வைத்திருக்கிறார் ரோட்ரிகோ. நடுப் பகுதி ஆரம்பித்தது. கிதார் மெல்ல ஸ்வரங்களை உதிர்க்க, எதிர் வீட்டுப் பெண் தன் வாத்தியத்தை எடுத்தாள். இங்கிலீஷ் ஹார்ன் என்று அதற்குப் பெயர். பெயரில்தான் கொம்பு. நிஜத்தில் நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்தான். குரல் மட்டும் தாழ்ந்து, மார்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அது ஒரு வரி சொல்ல, கிதார் அதையே வாங்கி இன்னும் கொஞ்சம் இழைத்துச் சொல்ல, ரொம்ப நேரம் இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டன. ஒருத்தர் துக்கத்தைச் சொல்லும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசவில்லை.

மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். சின்ன வயசில் கூட்டத்தில் பிடிப்பாளே, அப்படி. தோளில் சாய்ந்து அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும்தானே போயிருக்கிறது? அவரை யார் கேட்டோம்?

கடைசி உருப்படி ஆர்த்துரோ மார்க்கெஸின் 'தன்சோன்'. இரண்டாம் எண். மெக்ஸிகோவின் தேசியப் பல்கலைக் கழகம் கேட்டுக்கொண்டு எழுதி, 1994-ல் முதலில் வாசித்தது. கோலாட்டக் குச்சி மாதிரி இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டு நடன மெட்டு நடை போட்டுக் கிளம்பும். சபை முழுதும் எழுந்து கை தட்டியது. என் மகளும் எழுந்து நின்று தட்டினாள், முகமெல்லாம் வீங்கிப்போய்.

காரில் வரும்போது சொன்னாள்: "அம்மா, நான் அதுக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன். நீ கேக்கவே இல்ல."

சகோதரிகளே, பூண்டு ரசம் வைக்கத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. அன்று ராத்திரி கேட்டேன். சொன்னாள். அந்தப் பெயர் எங்கள் வீட்டோடு இருக்கட்டும். மறுநாள் எதிர் வீட்டு அம்மாளிடம் சொன்னபோது, தானும் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தையை இழந்ததாகச் சொன்னார். நவம்பர் முதல் தேதி அவர்கள் வழக்கத்தில் இறந்த குழந்தைகளை நினைக்கும் நாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம்.

இதை எழுதட்டுமா என்று மகளைக் கேட்டேன். "பேரைப் போடாம எழுதும்மா. நாலு பேருக்கு உபயோகமாகும்" என்றாள். ஆகவே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் டாக்டர்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"அடுத்தது பிறக்கும்", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அடுத்தது பிறந்தாலும் அது இது ஆகாது. ரோட்ரிகோ தம்பதிக்கு 1941-ல் செஸிலியா என்ற மகள் பிறந்தாள். அதனால் அந்த இசையின் சோகம் குறைந்துவிட்டதா? பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள்.

"படி ஏறினாயே, வண்டியில் போனாயே" என்று குற்றம் தேடாதீர்கள். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பெரும்பாலானவை கரு உருவாகும்போதே குரோமோசோமில் ஏற்படும் கோளாறால். பிந்திய மாதங்களில் வேறு பல காரணங்கள் உண்டு, சில சமயம் எதுவும் தெரியாமலும் போகும். அதை டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும். மாமியாரும் அம்மாவும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஒரு மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலும், ஜுரம், துர்நாற்றத்தோடு வெள்ளை, மயக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் கட்டினால் இறுக்கமில்லாமல் தாங்கும்படி உள்ளாடை போட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். அழுத்திப் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். மார்பு சிவந்து ஜுரம் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் எதிலும் பிடிப்பற்று இருந்தால், அதற்கும் டாக்டர் வேண்டும். உயிரை வெறுத்து ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாதீர்கள், அன்றே காட்டுங்கள்.

இளம் தாய்மாருக்கு இன்னொன்று. ரோட்ரிகோவின் கண்ணைப் பறித்த தொண்டை அடைப்பானுக்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டில் பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதுவும் அடக்கம். பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு ஊக்க ஊசி, 5 முதல் 6 வயதுக்குள் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கைக்குழந்தைக்குப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் சேர்த்தபின் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நவம்பர் முதல் தேதி வரை நான் அங்கேதான் இருந்தேன். எதிர் வீட்டு அம்மாள் ஏற்றிய மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், என் மகள் நம் ஊர் அகல் விளக்கு ஒன்றை வைத்தாள். திரி நான்தான் திரித்துக் கொடுத்தேன்.

அடுத்த இதழில், பள்ளி செல்லும் குழந்தைகளுக்குக் காலையில் என்ன கொடுப்பது என்று பார்ப்போம்.