சுண்ணக்கட்டியும் சொல்வன்மையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையின் சார்பில் இரண்டு நாள் கருத்தரங்கம் ஒன்று நடந்தது. மக்கள் தொடர்புப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. தமிழ் முதுகலை படித்தவன், நாலு வரி நன்றாக எழுதுவான் என்பதற்கு மேல் அதற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது. நானும் குறை வைக்கவில்லை. அழைப்பிதழை மூன்று முறை திருத்தி எழுதினேன். பத்திரிகைச் செய்திக் குறிப்பில் ஒரு சொல்கூட வீணாகிவிடாமல் பார்த்துக்கொண்டேன். வாயிலில் கட்டிய பிளெக்ஸ் பதாகையில் ஒற்றுப்பிழை இல்லை என்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய பெருமை.

நானூறு பேர் அமரக்கூடிய அரங்கில், எங்கள் மாணவர்களைக் கழித்துவிட்டால், முப்பது பேர் இருந்தார்கள். புகைப்படக்காரர் கெட்டிக்காரர்; காலி நாற்காலிகள் தெரியாத கோணத்தில் நின்று எடுத்தார். மறுநாள் இரண்டு நாளிதழ்களில் படத்துடன் செய்தி வந்தது. நிர்வாகத்தில் கைகொடுத்துப் பாராட்டினார்கள். நறுக்குகளைக் கோப்பில் ஒட்டி வைத்தேன். மக்கள் தொடர்பு இனிதே நிறைவுற்றது.

கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், முன்பு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தேநீர் வேளையில் என்னிடம் கேட்டார்: "சார், வந்தவங்க கையெழுத்துப் போட்ட நோட்டு இருக்கு. வராதவங்க லிஸ்ட் இருக்கா?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. வராதவர்களின் பட்டியலை யார் வைத்திருப்பார்கள்? அவர் விடவில்லை. "யார் யார் வரணும்னு மொதல்ல எழுதியிருந்தா, யார் வரலைன்னு இப்ப தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். பிறகுதான் விசாரித்தேன். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டில் அந்த வாரம் உள்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அச்சகத்தில் ஒரு வாரம் தாமதமானதால் அழைப்பிதழ்கள் பலருக்குக் கருத்தரங்கு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்திருந்தன. நான் மூன்றாம் திருத்தத்தில் ஓர் அடைமொழியை மாற்றிக்கொண்டிருந்த நாட்கள்தாம் அஞ்சலுக்குப் போயிருக்க வேண்டிய நாட்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. மக்கள் தொடர்பு என்பதை நாம் பேச்சுத்திறனின் ஒரு கிளையாகக் கருதுகிறோம். அது செயல்திறனின் கிளை. கட்டடம் கட்டுகிறவர்களும் மென்பொருள் எழுதுகிறவர்களும் பயிலும் திட்ட மேலாண்மை, நம் போன்று சொல்லை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

*

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஜான் மார்ஸ்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1963இல் மக்கள் தொடர்புப் பணியை நான்கு படிகளாக வகுத்தார்: ஆராய்தல், செயல், தெரிவித்தல், மதிப்பிடல். வரிசையைக் கவனிக்க வேண்டும். தெரிவித்தல் மூன்றாவதாகத்தான் வருகிறது. நாம் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம்.

தமிழாசிரியனுக்கு இந்த இடத்தில் குறள் நினைவுக்கு வராமல் இராது. இன்று நாம் கையாளும் வைப்பு முறையில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. 69ஆம் அதிகாரம் தூது. இரண்டும் பேச்சைத் தொழிலாகக் கொண்டவை பற்றியவை. அடுத்தடுத்து நின்றிருந்தால் யாருக்கும் வியப்பு ஏற்பட்டிராது. ஆனால் இடையில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. வினைசெயல்வகையில் ஒரு குறள், செயலில் இறங்குமுன் ஐந்து கூறுகளை மயக்கமற எண்ணிப்பார்க்கச் சொல்கிறது: கையிலுள்ள பணம், சாதனம், நேரம், செய்யவேண்டிய வேலை, அதைச் செய்யும் களம். இன்றைய திட்ட மேலாண்மை வகுப்பின் முதல் நாள் பாடமும் ஏறக்குறைய இதுவே. வள்ளுவர் மக்கள் தொடர்புக் கையேடு எழுதினார் என்று சொல்லும் அசட்டுத் துணிச்சல் எனக்கில்லை. பேசத் தெரிந்தவன் தூது போகுமுன் வினை செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று அந்த வரிசையை நான் படித்துக்கொள்கிறேன், அவ்வளவே.

*

கொள்கையை விட்டு ஓர் உண்மை நிகழ்வுக்கு வருகிறேன். இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய மக்கள் தொடர்புப் பணி எது என்று கேட்டால் பலர் ஏதேனும் ஒரு தேர்தல் பிரசாரத்தைச் சொல்லக்கூடும். நான் போலியோ சொட்டு மருந்தைச் சொல்வேன்.

1995இல் நாடு தழுவிய முகாம்கள் தொடங்கின. இளங்கலை படித்த நாட்களில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவனாக நானும் ஒரு முகாமில் உட்கார்ந்திருக்கிறேன். குளிர்ப்பெட்டி, இரண்டு நாற்காலி, இடக்கைச் சுண்டுவிரலில் வைக்க மை. எங்கள் ஊரில் தாய்மார்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள். ஆகவே இது எளிய வேலை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

எளிதல்ல என்பது உத்தரப் பிரதேசத்தின் கதையைப் படித்தபோது தெரிந்தது. 2001இல் இந்தியா முழுவதும் 268 ஆகக் குறைந்திருந்த பாதிப்பு 2002இல் 1,600ஐ எட்டியது. அதில் பெரும்பகுதி அந்த ஒரு மாநிலத்தில். சொட்டு மருந்து ஆண்மைக் குறைவை உண்டாக்கும், குடும்பக் கட்டுப்பாட்டின் மறைமுக வழி இது என்ற வதந்தி மேற்கு மாவட்டங்களின் முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையின் நினைவு மறைந்துவிடாத பகுதி அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

தொலைக்காட்சியில் அமிதாப் பச்சன் வந்தார். முதலில் வேண்டிக்கொண்டார், பிறகு கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்குப் பலன் இருந்தது என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மூடிய கதவு ஒன்றைத் திரையிலிருக்கும் நடிகர் தட்ட முடியாது. தட்டியவர்களின் கையில் இருந்தது ஒரு சுண்ணக்கட்டி. நாம் வகுப்பறையில் சாக்பீஸ் என்கிறோமே, அதுதான்.

வீடு வீடாகச் சென்ற குழுவினர் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் 'பி' என்ற ஆங்கில எழுத்தை எழுதினார்கள். ஒரு குழந்தை விடுபட்டாலும் 'எக்ஸ்'. அத்தோடு நிற்கவில்லை. வீடு பூட்டியிருந்ததா, குழந்தை ஊரில் இல்லையா, உடல்நலமில்லையா, பெற்றோர் மறுத்தார்களா என்று காரணத்தையும் பிரித்துக் குறித்தார்கள். மாலையில் மேற்பார்வையாளர் முன் அந்தத் தாள்கள் கூட்டப்பட்டன. பூட்டிய வீட்டுக்கு வேறொரு நேரத்தில் அதே குழு போனது. மறுத்த வீட்டுக்கு வேறு ஆள் போனார்: பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த ஒரு பெண். யுனிசெப் ஆதரவில் அமைந்த சமூக ஊக்குநர் வலையில் இத்தகைய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் இமாம்கள் அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற நிறுவனங்கள் துணை நின்றன. சிறுவர்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கித் தம்பி தங்கையரை முகாமுக்கு அழைத்து வந்தார்கள். ஓடும் ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் மருந்து கொடுக்கத் தனிக் குழுக்கள் நின்றன.

இதைத் திட்ட மேலாண்மையின் மொழியில் சொன்னால் மிக எளிது. வேலையின் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது: ஒவ்வொரு குழந்தையும். வேலை சிறு அலகாக உடைக்கப்பட்டிருந்தது: ஒரு வீடு. ஒவ்வோர் அலகுக்கும் பொறுப்பாளர் இருந்தார். முடிந்தது எது, முடியாதது எது என்று அன்று மாலையே தெரிந்தது. முடியாததற்கு அடுத்த நடவடிக்கை என்ன, யாருடையது என்பதும் முன்பே தீர்மானமாகியிருந்தது.

அந்தச் சுவர்க் குறியில் என்னை மிகவும் கவர்வது அதன் நேர்மை. உலகத்தில் எந்த விளம்பரமும் தன் தோல்வியை அது நேர்ந்த இடத்திலேயே எழுதி வைப்பதில்லை. 'எக்ஸ்' என்பது அரசாங்கம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட குறிப்பு: இந்த வாசலில் எங்கள் சொல் எடுபடவில்லை.

*

குறைகளும் உண்டு. எண்ணிக்கை கேட்கப்படும் இடத்தில் எண்ணிக்கை தயாராகிவிடும் என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் விதி. மருந்து கொடுக்காமலே 'பி' எழுதப்பட்ட வீடுகள் இருந்தன. சுற்று முடிந்தபின் வேறு ஆட்கள் சென்று விரல் மையைச் சரிபார்த்தபோதுதான் அவை வெளிப்பட்டன. வேலை செய்தவரே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற பாடத்தைத் தேர்வுத்தாள் திருத்தும் நாம் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் ஆழமானது. மறுத்தவர்களில் பலர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் சாக்கடையைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை, காய்ச்சலுக்கு மாத்திரை தர ஒருவரும் வருவதில்லை, இந்தச் சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் மாதாமாதம் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். இக்கேள்விக்கு எந்தச் சொல்வன்மையாலும் விடை சொல்ல முடியாது. செயல்தான் விடை. 2009இல் உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41 என 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான தடுப்பூசி, வயிற்றுப்போக்குச் சிகிச்சை, கைகழுவுதல், கழிப்பிடத் தூய்மை ஆகியவற்றையும் சொட்டு மருந்தோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். குடலில் ஓயாது தொற்று இருக்கும் குழந்தைக்கு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்ற மருத்துவக் காரணமும் இதில் இருந்தது. மக்களின் கேள்வியும் மருத்துவத்தின் விடையும் ஒரே சாக்கடை ஓரத்தில் சந்தித்தன.

2009இல் 741 பேர். 2010இல் 42. 2011இல் ஒருவர்: மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், சனவரி 13 அன்று நோய் கண்ட ஒரு சிறுமி. அந்த வகைப் போலியோ பாதித்த கடைசி இந்தியக் குழந்தை அவள். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே சான்று வழங்கியது. இந்தச் சரிவுக்கு மருந்தின் மேம்பாடும் காரணம். மக்கள் தொடர்பு மட்டுமே சாதித்தது என்று நான் கூறவில்லை. மருந்து புட்டியிலிருந்து வாய்க்குப் போன தூரத்தைக் கடந்தது அந்தச் சுண்ணக்கட்டிதான் என்கிறேன்.

*

இலக்கியத்துக்குள் மேலாண்மைக் கலைச்சொற்களைக் கொண்டுவருகிறாயே என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பு எனக்கும் உண்டு. வாசகனை 'இலக்கு' என்று சொல்லும் மொழியை நான் ஏற்கமாட்டேன். உறவுக்கு முடிவுத் தேதி கிடையாது, திட்டத்துக்கு உண்டு. ஆகவே மக்களோடு கொள்ளும் தொடர்பு முழுவதையும் ஒரு திட்டமாக்கிவிட முடியாது. ஆயினும் அந்த உறவின் பெயரால் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு திட்டமே. நூல் வெளியீடு, நினைவுச் சொற்பொழிவு, சிற்றிதழின் சந்தா சேர்ப்பு எல்லாமே அதில் அடக்கம். அவற்றை ஒழுங்கில்லாமல் செய்துவிட்டுத் தமிழ்நாட்டில் வாசகனே இல்லை என்று மேடையில் புலம்புவது நம்மிடையே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. வாசகன் இல்லையா, அழைப்பு போய்ச் சேரவில்லையா? நம்மில் எத்தனை பேரிடம் இதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது?

தொழில்முறை மக்கள் தொடர்பாளர்களே இந்த மாயையிலிருந்து வெளிவர நெடுங்காலம் ஆயிற்று. பத்திரிகையில் வந்த செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதுவே தம் பணியின் மதிப்பு என்று காட்டி வந்தார்கள். 2010இல் பார்சிலோனாவில் கூடியபோதுதான் அப்படி அளப்பது மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். நறுக்குகளைக் கோப்பில் ஒட்டிப் பெருமைப்பட்ட நான் அதைப் படித்துக் கொஞ்சம் நாணினேன்.

இப்போது எங்கள் துறையில் மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். யார் வரவேண்டும், யார் அழைப்பது, எந்தத் தேதிக்குள், வரவில்லையெனில் ஏன் என்று நான்கு கட்டங்கள். முதல் மாதம் நான்காவது கட்டத்தை நிரப்பத் தொலைபேசியில் கூப்பிட்டபோது குற்றம் சாட்டக் கூப்பிடுகிறேன் என்றே பலர் நினைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் ஊர் நூலகத்தில் அவர் படிக்காத புத்தகம் இல்லை என்பார்கள், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வரணும்னுதான் இருக்கு தம்பி. ஆறரைக்கு மேல எங்க ஊருக்குப் பஸ் இல்லையே."

இத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஐந்து மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்தோம். இப்போது மூன்று மணிக்குத் தொடங்குகிறோம். அவர் வருகிறார், அவரோடு அதே பேருந்தில் இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். அழைப்பிதழின் நடை முன்பைவிடச் சற்று மோசமாகிவிட்டது என்று துறைத் தலைவர் குறைப்பட்டுக்கொள்கிறார். அது உண்மைதான்.