மருந்துக் கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி



தவணை விடுமுறைக்கு எருக்கலம்பிட்டிக்குப் போயிருந்தேன். உங்கள் பாட்டன் பாட்டிமார் கப்பலிறங்கிய தலைமன்னார் இருக்கும் அதே மன்னார்த் தீவில்தான் எங்கள் ஊரும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போனவர் என் உம்மா. யுத்தம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினார். இப்போது அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன.

ஒருநாள் விடியற்காலையில் உம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது, பேச்சுத் தடுமாறியது. சீனித் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். ஆஸ்பத்திரியில் காட்டினோம். சீனி அளவு மிகவும் இறங்கிவிட்டது என்று சொல்லி, மாத்திரையைக் குறைத்து எழுதினார்கள். ஏன் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு மன்னார் பட்டினத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். அங்கிருந்த மருந்தாளர் ஒரு பெண். மாத்திரையை எண்ணிக்கொண்டே கேட்டார்: “அம்மா, இதோட வேற ஏதும் குடிக்கிறீங்களா? நாட்டு மருந்து, தூள், கசாயம்?”

உம்மா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வீடு வீடாக வரும் வியாபாரியிடம் வாங்கிய கோதல ஹிம்புட்டுத் தூள். இரண்டு மாதமாகக் குடித்திருக்கிறார். “டொக்டர்ட்ட ஏன் சொல்லல்ல?” என்று கேட்டேன். “சொன்னா ஏசுவார் மகன்” என்றார்.

அந்த மருந்தாளர் ஏசவில்லை. “மாத்திரையும் சீனியை இறக்கும், இந்தத் தூளும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடும். மாத்திரையை விடாதீங்க. தூளை நிப்பாட்டிட்டு, அடுத்த கிளினிக்கில டொக்டரிடம் காட்டுங்க” என்றார். தூளின் பெயரைக் கிளினிக் கொப்பியிலும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிட வேலை.

நாட்டு மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொத்தமல்லித் தண்ணீரும் வல்லாரையும் இல்லாத லயம் ஏது? ஆபத்து, மறைத்துக் கலப்பதில்தான் இருக்கிறது. இருமலுக்கு அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர் பூண்டு மாத்திரையும் சேர்த்தால் இரத்தக்கசிவு வரலாம். பெயரில்லாத சில மூட்டுவலித் தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். வலி பறந்துவிடும், பிறகு முகம் வீங்கும், சீனி ஏறும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை குடித்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதில் கலந்திருந்தது நம் ஈசுரமூலிக் குடும்பத்துச் செடி.

இதைத் தோட்டத்தாரின் அறியாமை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 டிசம்பரில் கொரோனாப் பாணிக்காகக் கேகாலையில் திரண்ட கூட்டத்தை நாடே பார்த்தது. அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது.

மருந்துக் கடைகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆயுர்வேதம், சித்தம், யூனானி எல்லாம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டத்துக்கு இரண்டு அலமாரி. நோயாளிக்கு வயிறு ஒன்றுதான். இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் நின்று கேள்வி கேட்கக்கூடியவர் மருந்தாளர்.

“அவருக்கு நாட்டு மருந்து தெரியுமா? கடையில் விற்பவர்தானே?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர் வைத்தியராக வேண்டியதில்லை. எது எதோடு சேரக்கூடாது, எப்போது டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஆனால் கவுண்டரில் நிற்கும் எல்லோரும் மருந்தாளர் அல்லர். “நீங்க பதிவு செய்த மருந்தாளரா?” என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தோட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. டவுனுக்குப் போனால் ஒருநாள் பேர் போய்விடும். ஆகவே நம் சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். மாதம் ஒருநாளாவது பதிவு செய்த மருந்தாளர் ஒருவர் தோட்ட டிஸ்பென்சரிக்கு வர வேண்டும். அவரைப் பார்க்கப் போகும் தொழிலாளியின் பேரை வெட்டக்கூடாது. கொடுக்கும் மருந்தின் பெயரும் குடிக்கும் முறையும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். வீட்டில் குடிக்கும் தூள், எண்ணெய், கசாயம் எல்லாவற்றின் பெயரையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த தவணையின் முதல் வீட்டுப்பாடம் அதுதான்.