ஆகாயச் சாட்சியும் குடியானவரும்

மகேந்திரவர்ம பல்லவன் குகைக்கோயில் குடைவித்த தளவானூர் முதலிய செஞ்சி வட்டாரக் கிராமங்கள், ஏரியையும் கிணற்றையும் நம்பியவை. மழைக்காலத்தில் பச்சையாகும் நிலம் கோடையில் வெளுத்துவிடும். இறவைக் கழனி மாத்திரம் பசுமை மாறாதிருக்கும். இம்மாறுதலை இப்பொழுது செயற்கைக் கோள்கள் கணக்கெடுக்கின்றன. பச்சை இலை சிவப்பொளியை விழுங்கி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்புகிறது. இவ்விரண்டின் வித்தியாசத்தைக் கொண்டு பயிரின் பசுமை அளக்கப்படுகிறது. 1972-ல் அமெரிக்கர் தொடங்கிய இவ்வேலையில் 1988-ல் நமது தேசத்தின் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளும் சேர்ந்தது. இன்று ஐரோப்பியரின் சென்டினல் 2 கோள்கள் 10 மீட்டர் சதுரம் வரை பிரித்துக் காட்டுகின்றன. ஐப்பசி கார்த்திகை மேகத்தையும் ராடார்க் கோள் ஊடுருவுகிறது. அதைக் கொண்டு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பரப்பை மதிப்பிட்டிருக்கிறது.

இவ்வித்தையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், 2023-ல் மத்திய சர்க்கார் பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமை மகசூலை நிர்ணயிக்க, இத்தகைய மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு 30 பங்கு இடமளித்த பின்னர், இது குடியானவரின் ஜீவனத்தைப் பற்றிய விஷயமாகிவிட்டது. பசுமை வேறு, விளைச்சல் வேறு. கதிர் பதரானாலும் தாள் பச்சையாக நிற்கலாம். நாளை மணிலாவுக்கும் இம்முறை வருமாயின், அதுவோ மண்ணுக்குள் காய்ப்பது! ஆழ்குழாய்க் கிணற்றுக்காரரின் பசுமை, பக்கத்து ஏழையின் காய்ந்த கொல்லையைக் கிராமச் சராசரியில் மறைத்துவிடவும் கூடும்.

ஆகவே, பட்டந்தோறும் அந்தந்தக் கிராமத்தின் படத்தைத் தமிழ் விளக்கத்துடன் கிராம சபையில் வைக்க வேண்டும். ஆட்சேபிப்போர் முன்னிலையில் அறுவடைச் சோதனை நடைபெற வேண்டும். இவ்விரண்டையும் ஊர்தோறும் வற்புறுத்துவது ஊழியர்களின் கடமை. எவ்வளவு உயரத்திலிருந்து வந்த சாட்சியானாலும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே.